ஜிடி, என் லைன், ஆர்எஸ்: பேட்ஜுக்குக் கொடுக்கும் பணம் காரின் எந்தப் பாகத்துக்குப் போகிறது?

சேவராயன் மலையடி

அனைவருக்கும் வணக்கம். சேலத்தில் வசிக்கிறேன். நெடுங்காலம் உழைத்த என் செடான் காரை மாற்றும் வேளை வந்திருக்கிறது. வீட்டில் ஒரு காரை நிறுத்தத்தான் இடம் உண்டு. ஆகவே வாங்கப்போகும் அந்த ஒரே காரில்தான் நான் வேலைக்குப் போய்வர வேண்டும், எழுபது வயதைக் கடந்த பெற்றோரை மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும், கோவைக்கும் சென்னைக்கும் நான்குவழிச் சாலையில் ஓட்ட வேண்டும், வாய்ப்புக் கிடைக்கும் அதிகாலைகளில் ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏற வேண்டும். கார் ஓட்டுவது எனக்கு மிகவும் பிடித்த செயல் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

எந்த ஷோரூமுக்குப் போனாலும் கருப்புக் கூரையும் சிவப்புத் தையலும் ஜிடி, என் லைன் போன்ற எழுத்துகள் பொறித்த ஒரு சிறப்புப் பேட்ஜும் கொண்ட வகை ஒன்று இருக்கிறது. அதன் விலையும் சற்றுக் கூடுதலாக இருக்கிறது. ஆனால் அந்தப் பேட்ஜ் எதற்கு உறுதி தருகிறது என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுகிறது. சில இடங்களில் ஒரே நிறுவனத்துக்குள்ளேயே மாறுகிறது. ஃபோக்ஸ்வாகன் விர்ட்டஸ் 2022-இல் வந்தபோது, ஜிடி என்ற எழுத்தைக் கண்டால் உள்ளே 150 பிஎஸ் (குதிரைத்திறன் அளவு) தரும் 1.5 லிட்டர் டர்போ எஞ்சின் இருக்கிறது என்று நம்பலாம். 2024-இல் வந்த ஜிடி லைன் வகையில் இருப்பதோ 115 பிஎஸ் தரும் 1.0 லிட்டர் எஞ்சின்.

பேட்ஜுக்காகக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் அன்றாட ஓட்டத்தில் எங்கே பயன் தருகிறது, எங்கே தொல்லையாக மாறுகிறது என்பதை, இத்தகைய கார்களை வைத்திருப்பவர்களும் பழுதுபார்ப்பவர்களும் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

கொங்குப் பட்டறை

வணக்கம் நண்பரே. செயல்திறனையும் அன்றாடப் பயன்பாட்டையும் எதிரெதிராக நிறுத்தித்தான் பெரும்பாலும் இந்த விவாதம் நடக்கிறது. வரலாற்றைப் பார்த்தால் அந்த எதிர்நிலைக்கு அவ்வளவு இடமில்லை என்பது என் உறுதியான கருத்து.

1976-இல் விற்பனைக்கு வந்த ஃபோக்ஸ்வாகனின் முதல் கோல்ஃப் ஜிடிஐ, பந்தயத்துக்கென்று செய்த கார் அன்று. வீட்டுக்கு வேண்டிய பொருள்களை ஏற்றிச் செல்லும் ஒரு சாதாரண ஹாட்ச்பேக்கில் 110 பிஎஸ் தரும் 1.6 லிட்டர் எஞ்சினைப் பொருத்தி, சஸ்பென்ஷனைச் சற்றுத் தாழ்த்தி இறுக்கி, 810 கிலோ எடைக்குள் நிறுத்தியிருந்தார்கள். 5,000 கார்கள் விற்றால் போதும் என்பது திட்டம். அந்த முதல் தலைமுறையில் மட்டும் 4.6 லட்சத்துக்கும் மேல் விற்றன. நூறு கிலோமீட்டர் வேகத்தை எட்ட அதற்குச் சுமார் 9 விநாடிகள் தேவைப்பட்டன. இன்றைக்கு நம் ஊரில் 1.5 லிட்டர் டர்போ செடான் எட்டும் நேரம் அதுதான். மக்கள் அந்தக் காரை விரும்பியதற்குக் காரணம், வார நாளில் கடைத்தெருவுக்கும் விடுமுறையில் மலைப்பாதைக்கும் அதே காரை எடுத்துச் செல்ல முடிந்தது என்பதே. பேட்ஜின் பொருளுக்குள்ளேயே அன்றாடம் அடங்கியிருந்தது.

பிஎம்டபிள்யூவின் எம் பிரிவு வேறு வழியில் வந்தது. 1972-இல் பந்தயப் பிரிவாகத் தொடங்கிய நிறுவனம் அது. 1978-இல் எம்1, 1986-இல் முதல் எம்3. குரூப் ஏ பந்தயத்தில் கலந்துகொள்ள 5,000 சாலைக் கார்களைச் செய்து காட்ட வேண்டும் என்ற விதிக்காகவே அந்த எம்3 பிறந்தது. ஆக, வீட்டுக் காருக்கு வேகம் சேர்த்த மரபு ஒன்று, பந்தயக் காருக்கு எண் பலகை மாட்டிய மரபு ஒன்று. இன்று ஷோரூமில் நீங்கள் பார்க்கும் 'லைன்' வகைகளில் பல, இவ்விரண்டின் தோற்றத்தை மட்டும் எடுத்துக்கொண்டவை.

நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான். அந்தப் பேட்ஜ் கொண்டுவரும் மாற்றத்தை வெளியே ஒரு கடையில் வாங்கி மாட்ட முடியுமா? கருப்புக் கண்ணாடி உறை, ஸ்பாய்லர், சிவப்புத் தையல் போட்ட இருக்கை உறை, அலுமினிய மிதி ஆகியவை கோவைக் கடைத்தெருவிலோ சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலோ கிடைத்துவிடும். எஞ்சினின் திறன், ஷாக் அப்சார்பரின் உள் வால்வு அமைப்பு, பிரேக்கின் அளவு, அவை எல்லாவற்றுக்கும் ஏற்ப, கார் சறுக்காமல் காக்கும் ஈஎஸ்சி கணினியை ஒத்திசைத்த வேலை ஆகியவை எந்தக் கடையிலும் கிடைக்காது. பின்னால் மாற்ற முயன்றாலும் சட்டம் குறுக்கே நிற்கும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, உற்பத்தியாளர் கொடுத்த அடிப்படை விவரங்களுக்கு மாறாக வண்டியைத் திருத்துவதைத் தடை செய்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதை உறுதிப்படுத்தியது. எஞ்சின் கணினியின் அமைப்பை மாற்றி ரீமேப் செய்துவிட்டு வாரண்டியை இழந்து நிற்கும் இளைஞர்களை என் பட்டறையில் அடிக்கடி பார்க்கிறேன். தொழிற்சாலையிலிருந்தே வரும் செயல்திறனுக்கு நான் மதிப்புக் கொடுப்பதற்கு இது ஒரு பெரிய காரணம்.

எங்கள் ஊர்க் கதை ஒன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2018 அக்டோபரில் டாடா மோட்டார்ஸும் கோவையின் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸும் சேர்ந்து டியாகோ ஜேடிபி, டிகோர் ஜேடிபி என்ற இரு கார்களைக் கொண்டுவந்தன. நெக்ஸானிலிருந்த 1.2 லிட்டர் டர்போ எஞ்சினை 114 பிஎஸ் திறன், 150 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை அளவுக்கு அமைத்து, கியர் விகிதங்களையும் சஸ்பென்ஷனையும் மாற்றி, தரை இடைவெளியை 4 மில்லிமீட்டர் மட்டுமே குறைத்து, 6.39 லட்ச ரூபாயிலிருந்து விற்றார்கள். அந்த 4 மில்லிமீட்டரை நான் மிகவும் மதிக்கிறேன். நம் சாலையை அறிந்தவர்கள் எடுத்த முடிவு அது. பிஎஸ்6 என்ற புகை மாசு விதி வந்தபோது அந்தக் கார்கள் நின்றுபோயின. இன்றும் எனக்கு வருத்தம்தான்.

மூன்றாம் கியர்

கொங்குப் பட்டறை அண்ணன் சொன்ன அளவுகோலை ஏற்கிறேன். ஆனால் அதைக் கடுமையாகப் பயன்படுத்தினால் நாம் கொண்டாடும் கார்களே சில இடங்களில் தவறிவிடும்.

விர்ட்டஸ் ஜிடியையே எடுத்துக்கொள்வோம். எஞ்சின் உண்மையிலேயே சிறப்பானது. நிமிடத்துக்கு 1,600 சுழற்சியிலேயே 250 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை முழுமையாகக் கிடைத்துவிடுகிறது. சீரான வேகத்தில் ஓடும்போது நான்கு சிலிண்டர்களில் இரண்டு ஓய்வெடுத்துக்கொள்வதால் நெடுஞ்சாலையில் எரிபொருளும் மிச்சமாகிறது. ஆனால் முன் சக்கரத்தில் சிவப்பு வண்ணம் பூசிய காலிப்பரை (டிஸ்கைப் பிடிக்கும் பிரேக் பாகத்தை) காட்டும் அந்தக் கார், 2022-இல் வந்தபோது பின் சக்கரங்களில் மூடிய டிரம் பிரேக்குடன்தான் வந்தது. வண்ணத்துக்குச் செலவழித்தவர்கள் பின் சக்கரங்களின் திறந்த டிஸ்க் பிரேக்குக்குச் செலவழித்திருக்க வேண்டும் என்பது என் தீராத குறை.

இதற்கு நேர்மாறாக, 2021-இல் வந்த ஹூண்டாய் ஐ20 என் லைனைப் பாருங்கள். எஞ்சின், சாதாரண ஐ20 டர்போவில் இருந்த அதே 1.0 லிட்டர், 120 பிஎஸ். எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவர்கள் அதை வெறும் ஒப்பனை என்று ஒதுக்கிவிட்டார்கள். ஆனால் அதில் டாம்பர்களை (ஷாக் அப்சார்பர்களை) இறுக்கியிருந்தார்கள், ஸ்டீயரிங்கின் எடையைத் திருத்தியிருந்தார்கள், நான்கு சக்கரங்களிலும் டிஸ்க் பிரேக் கொடுத்திருந்தார்கள். சாதாரண ஐ20-இல் பின்னால் டிரம்தான். நேர்க்கோட்டில் அந்த இரு ஐ20-களுக்கும் வேறுபாடு இல்லை. வளைவுக்கு முன் பிரேக் மிதிக்கும்போதும், வளைவுக்குள் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதும்தான் பேட்ஜின் பொருள் புரியும்.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2024 மார்ச்சில் ஹூண்டாயின் கிரெட்டா என் லைன் வந்தபோது, 160 பிஎஸ் தரும் 1.5 லிட்டர் டர்போ எஞ்சினைக் கையால் மாற்றும் கியருடன் வாங்க வேண்டுமென்றால் என் லைனைத்தான் வாங்க வேண்டும். சாதாரண கிரெட்டாவில் அந்த எஞ்சின் தானியங்கி கியருடன் மட்டுமே கிடைத்தது. ஓட்டுவதை விரும்புபவனுக்கு ஒரு பேட்ஜ் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி இதுவே என்று நான் கருதுகிறேன்.

மலைப்பாதையில் எனக்கு எப்போதும் பிரேக்கும் ஸ்டீயரிங்கும்தான் முதலில்; குதிரைத்திறன் அதற்குப் பிறகு.

அடையாற்றுப் பயணி

இங்கே ஓட்டுபவர் இருக்கையிலிருந்து மட்டுமே பேச்சு நடக்கிறது. நான் தினமும் அடையாறிலிருந்து பழைய மகாபலிபுரம் சாலை வழியாக அலுவலகம் போய்வருபவள். பின்னிருக்கையில் பெரும்பாலும் என் மாமியாரும் பள்ளி செல்லும் மகளும் இருப்பார்கள். அவர்கள் சார்பிலும் யாராவது பேச வேண்டும் அல்லவா?

முதலில் வேகத்தடை. இந்தியச் சாலைக் குழுமத்தின் விதிப்படி ஒரு வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்டு, 25 கிலோமீட்டர் வேகத்தில் வசதியாகக் கடக்கும் வகையில் வளைந்திருக்க வேண்டும். நம் தெருக்களில் குடியிருப்போரே சிமெண்ட் கொட்டிக் கட்டியவை அந்த அகலத்தில் கால் பங்குகூட இருப்பதில்லை, உயரமோ கூடுதல். இத்தகைய தடையில் காரின் அடிவயிறு உரசுமா என்பதைத் தரை இடைவெளி மட்டும் தீர்மானிப்பதில்லை. முன் பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரமும், ஐந்து பேர் ஏறியபின் கார் எவ்வளவு தாழ்கிறது என்பதும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. விர்ட்டஸின் தரை இடைவெளி 179 மில்லிமீட்டர் என்று சொல்லப்படுவது ஆளில்லாத காரின் அளவு.

அடுத்தது டயர். விர்ட்டஸில் வரும் 205/55 ஆர்16 டயரின் பக்கச் சுவர் உயரம் சுமார் 113 மில்லிமீட்டர். 2025-இல் இங்கே இறக்குமதியாக வந்த கோல்ஃப் ஜிடிஐயில் உள்ள 225/40 ஆர்18 டயருக்கு அது 90 மில்லிமீட்டர். அந்த 23 மில்லிமீட்டர்தான் மழைக்காலத்துப் பள்ளத்துக்கும் அலாய் சக்கரத்துக்கும் நடுவில் இருக்கும் கூடுதல் காப்பு. இதற்குமுன் நான் வைத்திருந்த ஒரு காரில், பெரிய சக்கரம் அழகாக இருக்கிறது என்பதற்காக மேல்வகையை எடுத்தோம். ஒரு மழைநாளில் தண்ணீருக்குள் மறைந்திருந்த குழியில் இறங்கியதும் டயரின் பக்கச் சுவர் வீங்கிப்போனது. பக்கச் சுவர் பழுதை ஒட்ட முடியாது, புது டயர்தான். அந்த அளவு டயர் உடனே கிடைக்காமல் சில நாள்கள் கார் நின்றது.

மூன்றாவதாக, கதவு. 2016-இல் போலோ ஜிடிஐயை இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள்: 1.8 லிட்டர், 192 பிஎஸ், விலை 25.99 லட்சம், வந்தவை 99 கார்கள். மூன்று கதவுகள்தான். முன்னிருக்கையை மடக்கிவிட்டு, மூட்டுவலி உள்ள ஒருவர் உள்ளே வளைந்து போக வேண்டிய காரை, நம் குடும்பங்களில் யார் ஒரே காராக வாங்க முடியும்? பின்னாளில் பெரிய தள்ளுபடியுடன் அதை விற்க வேண்டியிருந்ததில் எனக்கு வியப்பில்லை. அந்த எஞ்சினைக் குறை சொல்லும் எண்ணம் எனக்கு இல்லை. அதன் கதவுகள்தான் இங்கே பொருந்தவில்லை.

ஆகவே சேவராயன் மலையடி அவர்களே, டெஸ்ட் டிரைவின்போது ஒருமுறையாவது காரை விற்பனைப் பிரதிநிதியிடம் கொடுத்துவிட்டு நீங்கள் பின்னிருக்கையில் அமர்ந்து பாருங்கள். உங்கள் பெற்றோர் அந்த இருக்கையில்தான் பயணம் செய்யப்போகிறார்கள்.

கொங்குப் பட்டறை

சகோதரி சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். ஒரு நுட்பத்தை மட்டும் சேர்க்கிறேன். இறுக்கமான சஸ்பென்ஷன் என்றாலே பின்னிருக்கைக்குத் துன்பம் என்று எண்ணிவிடக் கூடாது. இறுக்கம் ஸ்பிரிங்கிலும் இருக்கலாம், டாம்பரிலும் இருக்கலாம், டயரின் பக்கச் சுவரிலும் இருக்கலாம். தாழ்ந்த ஸ்பிரிங்கும் மெல்லிய டயரும் சேர்ந்தால் ஒவ்வொரு விரிசலும் முதுகுத்தண்டுக்கு வந்து சேரும். நல்ல டாம்பர் அப்படியன்று. மேடு தாண்டியபின் கார் இரண்டு மூன்று முறை ஊஞ்சலாடாமல் ஒரே அசைவில் அமர்ந்துவிடுவதால், நெடும்பயணத்தில் பின்னிருக்கையில் இருப்பவருக்குக் குமட்டல் குறைவதையே நான் கண்டிருக்கிறேன். நல்ல செயல்திறன் வகைகளில் பணம் செல்ல வேண்டிய இடம் டாம்பர். சக்கரத்தின் அளவை ஓர் அங்குலம் கூட்டுவது பெரும்பாலும் கண்ணுக்காக மட்டுமே.

முதுகுக்கு இதமாகவும் மனத்துக்கு நிறைவாகவும் இருக்கும் எடுத்துக்காட்டு என்றால், என் மனத்தில் முதலில் வருவது ஸ்கோடா ஆக்டேவியாவின் ஆர்எஸ் வகைதான். 2017-இல் 230 பிஎஸ் திறனுடன் 500 கார்கள், 2020-இல் 245 பிஎஸ் திறனுடன் 200 கார்கள், 2025-இல் 265 பிஎஸ் திறனுடன் 100 கார்கள். ஐந்து கதவுகள், ஒரு குடும்பத்தின் பயணப் பெட்டிகள் அனைத்தையும் விழுங்கும் டிக்கி. 1976-இன் ஜிடிஐ எண்ணத்தை நேர்மையாகப் பின்பற்றிய கார் அது. ஆனால் 2025 வகையின் விலை 49.99 லட்சம். எண்ணிக்கை குறைய, விலை ஏற, அன்றாடத்துக்குத் தகுந்த செயல்திறன் என்ற எண்ணமே நடுத்தரக் குடும்பத்தின் கையை விட்டு நழுவிப் போய்க்கொண்டிருக்கிறது. இது எனக்கு உண்மையான கவலை.

ஒரகடம் பொறியாளர்

நம் நாட்டில் 120 பிஎஸ் கொண்ட சிறிய காரே 'ஹாட் ஹாட்ச்' (வேகமான ஹாட்ச்பேக்) என்று அழைக்கப்படுவதற்குப் பொறியியலைவிட வரிச் சட்டமே பெரிய காரணம். இதைப் பேசாமல் பேட்ஜைப் பேச முடியாது.

2006 நிதிநிலை அறிக்கையில் 4 மீட்டர் நீளத்துக்குள், பெட்ரோலில் 1,200 சிசிக்குள், டீசலில் 1,500 சிசிக்குள் இருக்கும் கார்களுக்கு உற்பத்தி வரி குறைக்கப்பட்டது. அன்று போட்ட அந்தக் கோடு ஜிஎஸ்டி வந்தபின்னும் அழியவில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் கோட்டுக்கு உட்பட்ட காருக்கு 18 விழுக்காடு, மீறிய காருக்கு 40 விழுக்காடு. இந்தக் கோட்டுக்குள் நின்றுகொண்டு திறனைக் கூட்ட வேண்டுமென்றால் சிறிய டர்போ எஞ்சின் ஒன்றே வழி. 2013-இன் போலோ ஜிடி டிஎஸ்ஐ 1.2 லிட்டரில் 105 பிஎஸ் கொடுத்ததும், 2017-இன் பலேனோ ஆர்எஸ் 1.0 லிட்டரில் 102 பிஎஸ் கொடுத்ததும், ஐ20 என் லைன் 3,995 மில்லிமீட்டர் நீளத்தில் நிற்பதும் இதனால்தான். 2015-இல் 145 பிஎஸ் திறனுடன் வந்த அபார்த் புன்டோ, 1.4 லிட்டர் எஞ்சினை வைத்திருந்ததால் கோட்டுக்கு வெளியே போய்விட்டது. நான் மிகவும் விரும்பிய கார் அது.

இதற்கு மேல் தமிழ்நாட்டின் வாழ்நாள் சாலை வரி இருக்கிறது. 2023 நவம்பர் முதல், 5 முதல் 10 லட்சம் வரையிலான விலைக்கு 13 விழுக்காடு, 10 முதல் 20 லட்சம் வரை 18 விழுக்காடு, அதற்கு மேல் 20 விழுக்காடு. 9.9 லட்ச ரூபாய்க் காருக்கு வரி ஏறத்தாழ 1.29 லட்சம்; அதே காரின் பேட்ஜ் வகை 10.4 லட்சம் என்றால் வரி 1.87 லட்சம். ஷோரூம் விலையில் 50 ஆயிரம் கூடியதற்கு, வரி மட்டும் 58 ஆயிரத்துக்கு மேல் கூடிவிடுகிறது. இந்த எல்லையை ஒட்டி நிற்கும் கார்களில் பேட்ஜின் உண்மையான விலை, விளம்பரத்தில் இருப்பதைவிட இரு மடங்குக்கும் அதிகம். கொட்டேஷன் வாங்கும்போது ஆன்ரோடு விலையில் இரு வகைகளையும் அருகருகே வைத்துக் கணக்கிடுங்கள்.

சிங்கை வாசகன்

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். ஒரகடத்தார் சொன்னது எங்களுக்கு இன்னும் கூர்மையாகப் பொருந்தும். இங்கே கார் வாங்கும் உரிமைக்கே சிஓஇ என்ற சான்றிதழ் எடுக்க வேண்டும். அது பத்து ஆண்டுகளுக்குத்தான். அதன் 'ஏ' பிரிவில் பெட்ரோல் கார் சேர வேண்டுமென்றால் எஞ்சின் 1,600 சிசிக்குள்ளும் திறன் 97 கிலோவாட்டுக்குள்ளும், அதாவது 130 குதிரைத்திறனுக்குள்ளும், இருக்க வேண்டும். ஆகவே ஐரோப்பிய நிறுவனங்கள் சில, தங்கள் எஞ்சினை அந்த எல்லைக்குள் தாழ்த்தி அமைத்தே இங்கே அனுப்புகின்றன. அதே காரின் வெளியில் மெர்சிடிஸின் ஏஎம்ஜி லைன் போன்ற விளையாட்டுத் தோற்றப் பொதியைக் காண்பது இங்கே அன்றாடக் காட்சி. நெடுஞ்சாலையில் மிகுதியான வேக வரம்பு 90 கிலோமீட்டர்.

இருந்தும் அத்தகைய தோற்றப் பொதியை வாங்குபவர்களை நான் குறைவாக மதிப்பதில்லை. பத்து ஆண்டுகளுக்குப் பெருந்தொகை கொடுத்து ஒரு காரை வைத்திருப்பவர், ஒவ்வொரு காலையும் அதைப் பார்த்து மகிழ விரும்புவதும் ஒரு பயன்பாடுதான். நன்றாகப் பிடித்துக்கொள்ளும் இருக்கையும், கைக்கு அடக்கமான ஸ்டீயரிங்கும் 40 கிலோமீட்டர் வேகத்திலும் உணரக்கூடியவை. கொங்குப் பட்டறையின் அளவுகோலில் இவற்றுக்கும் ஓர் இடம் இருக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

மூன்றாம் கியர்

சிங்கை நண்பரே, மகிழ்ச்சியை யாரும் மறுக்கவில்லை. தோற்றத்துக்குப் பணம் கொடுக்கிறோம் என்று வாங்குபவருக்குத் தெரிந்திருந்தால் எனக்கு எந்த எதிர்ப்பும் இல்லை. வேகமான வகைக்கு உரிய எழுத்தை மெதுவான வகையிலும் ஒட்டி, இரண்டும் ஒன்றே என்ற எண்ணத்தை வாங்குபவரிடம் உண்டாக்குவதுதான் எனக்கு உறுத்துகிறது. பிஎம்டபிள்யூ இந்த இடத்தில் ஓரளவு ஒழுங்கு காக்கிறது: எம் ஸ்போர்ட் என்பது தோற்றமும் சில பாகங்களும், எம்340ஐ போன்றவை இடைப்பட்ட வகை, எம்3, எம்5 போன்றவை முழு எம். எம்340ஐ 2021-இல் செங்கல்பட்டு மாவட்டத்துத் தொழிற்சாலையில் பாகங்கள் இணைக்கப்பட்டு வந்தபோது 387 குதிரைத்திறன் கொண்டிருந்தது. நான்கு கதவு, நான்கு சக்கர இயக்கம், முறையான பின்னிருக்கை. அன்றாடத்துக்கு எம்3-ஐவிட அதுதான் நல்ல கார் என்று சொல்ல நான் தயங்கமாட்டேன். ஆனால் அந்த ஒழுங்கிலும், சாலையில் போகும் சாதாரண 320 காரின் பக்கவாட்டில் எம் எழுத்தைக் காணும் சிறுவனுக்கு வேறுபாட்டை யார் சொல்லிக்கொடுப்பது?

சேவராயன் மலையடி

நான் எதிர்பார்த்ததைவிட ஆழமான பதில்கள், அனைவருக்கும் நன்றி. வரிக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். அடையாற்றுச் சகோதரி சொன்னபடி அம்மாவையும் அப்பாவையும் ஷோரூமுக்கு அழைத்துச் சென்றேன். ஐ20 என் லைனில் இருவரும் எளிதாக ஏறி இறங்கினார்கள்; ஆனால் 311 லிட்டர் டிக்கியில் மடக்கு சக்கர நாற்காலியை வைத்தபின் வேறு எதற்கும் இடமில்லை. விர்ட்டஸின் 521 லிட்டரில் நாற்காலியும் இரண்டு பெட்டிகளும் போயின. ஆனால் இருக்கை சற்றுத் தாழ்வாக இருப்பதால் அப்பா இறங்கும்போது கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார்.

இரண்டு ஐயங்கள் மிச்சம் இருக்கின்றன. ஏற்காட்டில் நான்கு பேருடன் இறங்கும்போது பின் டிரம் பிரேக் உண்மையிலேயே ஆபத்தா? 1.5 லிட்டரில் தானியங்கி எடுப்பதா, கையால் மாற்றும் கியர் எடுப்பதா? சேலத்தில் ஐந்து ரோடு நெரிசல் தினமும் உண்டு.

கொங்குப் பட்டறை

பிரேக் மிதிக்கும்போது காரின் எடை முன்னால் சாய்வதால், நிறுத்தும் வேலையின் பெரும்பகுதியை முன் டிஸ்குகளே செய்கின்றன. சாதாரணப் பயணத்தில் பின் டிரம் ஆபத்து அன்று. நீண்ட நாள் உழைக்கும், தூசியும் குறைவாகவே உள்ளே போகும். தொடர்ந்து மிதித்துக்கொண்டே இறங்கினால் சிக்கல் வரும்: டிரம்முக்குள் அடைபட்ட வெப்பம் டிஸ்கைப்போல எளிதில் வெளியேறாது. எந்த கியரில் ஏறினீர்களோ அந்த கியரிலேயே இறங்குங்கள்; எஞ்சின் காரைப் பிடித்துக்கொள்ளட்டும்; வளைவுக்கு முன் உறுதியாக ஒருமுறை மிதித்து விட்டுவிடுங்கள். நான்கு டிஸ்க் உள்ள காருக்கும் இதே முறைதான். மூன்றாம் கியரின் குறை நியாயமானது; ஆனால் அதற்காக நீங்கள் காரை ஒதுக்க வேண்டியதில்லை.

கியரைப் பொறுத்தவரை, பேட்ஜ் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். 1.5 லிட்டர் எஞ்சினுடன் வரும் டிஎஸ்ஜி என்ற ஏழு கியர் தானியங்கி, உலர் கிளட்ச் இரண்டு கொண்டது. நெடுஞ்சாலையில் அதன் விரைவு அருமை. ஆனால் அங்குலம் அங்குலமாக நகரும் நெரிசலில் கிளட்ச் நழுவி நழுவிச் சூடாகும். 1.0 லிட்டருடன் வரும் ஆறு கியர் தானியங்கி, டார்க் கன்வெர்ட்டர் வகையைச் சேர்ந்தது. எண்ணெயின் வழியே விசை கடத்துவதால் நெரிசலை அமைதியாகத் தாங்கும். ஆகவே நகரத்துக்குள்ளேயே பெரும்பாலும் ஓட்டுபவருக்கு, நாம் இதுவரை தோற்றம் மட்டும் என்று விமர்சித்த ஜிடி லைனே பொருத்தமான காராக இருக்கலாம். அவர் எழுத்துக்காக அன்றி கியர்பாக்ஸுக்காக அதை எடுக்க வேண்டும். உங்கள் ஓட்டத்தில் நெடுஞ்சாலையும் மலையும் மிகுதி. இடது கால் ஒத்துழைத்தால் 1.5 லிட்டரைக் கையால் மாற்றும் கியருடன் எடுங்கள்.

அடையாற்றுப் பயணி

நான் இதில் மாறுபடுகிறேன். அப்பாவை மருத்துவமனைக்கு அழைத்துப்போக உங்கள் மனைவியோ பிள்ளைகளோ அந்தக் காரை எடுக்க வேண்டிய நாளும் வரும். அவர்களுக்கும் கிளட்சுடன் ஓட்டுவது வசதியா என்று கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

சேவராயன் மலையடி

கேட்டேன். மனைவி இப்போதுள்ள காரையும் கிளட்சுடன்தான் ஓட்டுகிறார். கையால் மாற்றும் கியரே போதும் என்கிறார். 1.5 லிட்டர் ஜிடியை வரும் சனிக்கிழமை டெஸ்ட் டிரைவ் கேட்டிருக்கிறேன். பெற்றோர் பின்னிருக்கையில் இருக்க, அஸ்தம்பட்டியிலிருந்து ஏற்காடு அடிவாரம் வரை போய்வர ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அப்பா இறங்கும்போது பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி பொருத்த முடியுமா என்றும் கேட்கப்போகிறேன். ஜிடி லைனையும் அதே வழியில் ஓட்டிப் பார்த்துவிடுவேன்.

கொங்குப் பட்டறை

நல்லது. டெஸ்ட் டிரைவ் காரில் ஏறும் முன் நான்கு டயர்களிலும் காற்றழுத்தத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். பல ஷோரூம்களில் அளவுக்கு மேல் அடித்து வைத்திருப்பார்கள். அந்தத் தடதடப்பை வைத்து சஸ்பென்ஷனைத் தவறாக எடைபோட்டுவிடுவீர்கள். சரியான அளவு எரிபொருள் மூடியின் உட்புறத்திலோ ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்திலோ ஒட்டப்பட்டிருக்கும். ஆள் நிறைந்த காருக்கு உரிய எண்ணைப் பாருங்கள். இரண்டு கார்களிலும் ஒரே அழுத்தம் வைத்து, ஒரே வேகத்தடையை, ஒரே வேகத்தில் கடந்து பாருங்கள்.